இரட்டைச் சைக்கிளுக்கு டயர் பார்த்த கதை

பட்டறை வாசலில் சைக்கிளை நிறுத்துகிற எவரும் முதலில் கேட்பது, பஞ்சரே ஆகாத டயர் எது என்பதுதான். வெளிநாட்டுக்காரர்கள் கேட்டார்கள். கொழும்பிலிருந்து வந்தவர்கள் கேட்டார்கள். காலையில் சைக்கிளில் பாண் ரொட்டி கொண்டுவருகிறவரும் கேட்டார். நான் வேலையை விட்டு வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. போன மாதம் தர்ஷினி தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் இருந்த இடத்தில் இப்போது பட்டறையைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான்.

“அண்ணே, புது மாதிரி டயர் வந்திருக்கு. உள்ள டியூப்பே இல்ல. வெள்ளையா பால் மாதிரி ஒண்ண ஊத்துறோம். ஏதாவது குத்தினா அது தானா போய் அடைச்சுக்குது.”

“நல்லதுதானே, போடுங்க” என்றேன்.

“போட்டாச்சு. ஆனா ஒரு டயரை வச்சுக்கிட்டு நீங்களும் நிரோஷா மிஸ்ஸும் அவ்வளவு நேரம் நின்னு பேசுவீங்களே, அது எதுக்குன்னு இப்ப வேலைக்கு வந்திருக்கிறவங்களுக்குப் புரியல. ஊத்திட்டாப் போதும்னு நெனைக்கிறாங்க. கொஞ்சம் எழுதித் தாங்களேன்.”

எழுதலாம் என்று உட்கார்ந்தால், டயரைப் பற்றி எழுத ஆரம்பித்து மனிதர்களில் போய் முடிகிறது. அப்படியே இருக்கட்டும்.

என் பெயர் ராயப்பன். தலவாக்கலைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்ப்பவனாக இருந்தேன். கொழுந்து அரைக்கிற உருளை, பெல்ட், உலர்த்துகிற அடுப்பு, இவைதான் எனக்குத் தெரிந்த உலகம். அந்தத் தொழிற்சாலையை மூடியபோது, உல்லாசப் பயணிகளைச் சைக்கிளில் மலைநாட்டைச் சுற்றிக் காட்டும் ஒரு நிறுவனம் நுவரெலியாவில் வேன் ஓட்டத் தெரிந்த மெக்கானிக் தேடியது. போனேன். வேன் ஏற்கெனவே ஓட்டுவேன். சைக்கிளைக் கழற்றிப் பூட்டுவது ஒரு மழைக்காலத்துக்குள் கைக்கு வந்துவிட்டது. கியர், பிரேக், சக்கரத்தின் கம்பிகளை முறுக்கி வளைவெடுப்பது, எல்லாவற்றுக்கும் ஒரு முறை உண்டு. முறைப்படி செய்தால் நிற்கும். டயர் மட்டும் அப்படி இல்லை. போன வாரம் குறையில்லாமல் ஓடிய டயர், இந்த வாரம் அதே பாதையில் கிழியும்.

முதல் பருவத்தில் வந்த பயணிகள் பெரும்பாலும் பந்தயத்துக்குச் செய்த மெல்லிய டயர்களோடு வந்தார்கள். அவர்கள் ஊர்ப் பாதைக்கு அது போதும். எங்கள் பாதையில் லொறி டயர் வெடித்துச் சிதறிய இடங்களில் மயிரிழை போன்ற இரும்புக் கம்பிகள் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது. சாராயப் போத்தல் உடைந்த கண்ணாடி, பாதை போடும்போது மிஞ்சிய கூர்க் கல் எல்லாம் மழையில் ஓரத்துக்கு ஒதுங்கும். சைக்கிளும் ஓரத்தில்தான் போக வேண்டும். ஒருநாள் அட்டனுக்குப் போகும் வழியில் ஒரே கூட்டத்தில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். நான் ஒருவருக்கு ஒட்டி முடிப்பதற்குள் அடுத்தவர் கை காட்டினார். மதியச் சாப்பாட்டுக்குப் போக வேண்டிய இடத்துக்குத் தேநீர் நேரத்துக்குத்தான் போனோம். யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு முறைப்பாடு போயிருந்தது.

அதற்குப் பின்தான் நிரோஷா மிஸ் மேலாளராக வந்தார். கேகாலைப் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே பிறந்தவர். டயர் செய்யும் தொழிற்சாலையொன்றில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்துவிட்டு, கணவரின் ஊர் நுவரெலியா என்பதால் இங்கே வந்தவர். என்னைவிட இளையவர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கிவிடும். அவர் பேசுவது கேட்காத அளவுக்குப் போனால், பட்டறையில் இருந்த நாங்கள் எல்லோரும் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிடுவோம்.

அவருக்குச் சிங்களத்தில் பேசுவதுதான் இலகு. ஆனாலும் என்னோடு தமிழில்தான் பேசுவார். “நல்ல டயர்” என்று நான் சொன்னால் விடமாட்டார்.

“ராயப்பண்ணே, நல்லது சொன்னா போதாது. யாருக்கு நல்லது? எந்த ரோட்டுக்கு? மழைக்கா, வெயிலுக்கா?”

பழசாகி ஒதுக்கிய டயர்களை அவர் வீசவிட மாட்டார். இரும்பு வாளால் குறுக்கே அறுத்து, வெட்டுமுகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பாதையைத் தொடும் ரப்பர் எவ்வளவு தடிப்பு, அதன் கீழே குத்துவதைத் தடுக்கிற பட்டி எந்தப் பொருளில் செய்தது, அந்தப் பட்டி எந்த இடத்தோடு நின்றுவிடுகிறது, பக்கச் சுவரில் எத்தனை மடிப்புத் துணி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவார். கட்டைவிரல் நகத்தை ரப்பரில் அழுத்துவார். நகம் பதிந்தால் இளக்கமான ரப்பர். ஈரப் பாதையைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் சீக்கிரம் தேயும். பதியாவிட்டால் கெட்டி ரப்பர். வருடக்கணக்கில் ஓடும், மழையில் வழுக்கும். இந்த இரண்டில் ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும் என்பதை அவர் எனக்கு வாயால் சொல்லவே இல்லை. அறுத்த துண்டுகளைக் கையில் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

பஞ்சர் ஒட்டுவதிலும் அவர் ஒழுங்கு வேறு. டயரைப் பூட்டும்போது அதில் பெயர் அச்சிட்ட இடம் காற்றடிக்கும் வால்வுக்கு நேரே வரவேண்டும். அப்படிப் பூட்டினால், டியூப்பில் ஓட்டை எங்கே என்று கண்டதும் டயரில் எந்த இடத்தில் குத்தியது என்பதும் தெரிந்துவிடும். வெளிப்பக்கம் ஒரு ஓட்டை என்றால் பாதையில் கிடந்த ஏதோ குத்தியிருக்கிறது. பாம்பு கடித்தது போலப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு என்றால் காற்றுக் குறைவாக ஓட்டிக் குழியில் விட்டிருக்கிறார்கள். உள்பக்கம் என்றால் குற்றம் ரிம்மில் இருக்கிறது. இவ்வளவும் பார்த்த பிறகு, பஞ்சுத் துண்டு ஒன்றை டயரின் உள்சுவரில் மெதுவாக ஓட்டவேண்டும். கம்பி மிச்சம் இருந்தால் பஞ்சு அதில் சிக்கும். வெறும் விரலை விட்டால் விரல் கிழியும். அதையும் நான் அறிந்துதான் வைத்திருக்கிறேன். கம்பியை எடுக்காமல் புது டியூப் போடுவதைப் பார்த்தால் மிஸ்ஸின் குரல் இறங்கிவிடும்.

அவர் வந்த பிறகு பயணிகளுக்கு நாங்களே தடித்த, பட்டி வைத்த டயர்களைப் போட்டுக்கொடுத்தோம். பஞ்சர் வெகுவாகக் குறைந்தது. எனக்கு அதோடு விஷயம் முடிந்துவிட்டதாகப்பட்டது. முடியவில்லை என்பதை ராகலைப் பக்கத்துத் தோட்டப் பாதை ஒன்று காட்டியது.

பிரதான வீதியில் வாகன நெரிசல் அதிகம் என்று ஒரு குழுவைத் தோட்டத்துக்குள் அழைத்துப் போயிருந்தோம். இருந்ததிலேயே கெட்டியான டயர்கள் எல்லாச் சைக்கிளிலும் இருந்தன. கொஞ்ச தூரம் போனதும் இரண்டு டயர்கள் பக்கவாட்டில் கிழிந்தன. குத்தியது அல்ல, கிழிந்தது. தடுக்கும் பட்டி நடுவில் பத்திரமாக இருந்தது. பக்கச் சுவரில் ஒரு விரல் உள்ளே போகும். மறுநாள் மிஸ் அந்தப் பாதையை நடந்து பார்க்கவேண்டும் என்றார். இருவரும் போனோம். அந்த மலையில் கவ்வாத்து நடந்துகொண்டிருந்தது. செடிகளை இடுப்புக்குக் கீழே வெட்டி விட்டிருந்தார்கள். வெட்டிய குச்சிகள் பாதையெங்கும் இறைந்து கிடந்தன. மிஸ் ஒரு குச்சியை எடுத்து முனையைப் பார்த்தார். பேனா முனை போலச் சாய்வாக இருந்தது.

கத்தி தீட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம், “ஏன் இப்படிச் சாய்ச்சு வெட்டுறது?” என்று கேட்டார்.

“நேரா வெட்டினா வெட்டுவாயில தண்ணி நிக்கும் நோனா. செடி அழுகிடும். சாய்ச்சு வெட்டத்தான் எங்களுக்குச் சம்பளமே.”

மிஸ் குச்சியைக் கீழே போட்டார். “ஹரி, அவங்க வேலை அவங்க சரியா செய்றாங்க” என்றார். ‘ஹரி’ என்றால் சிங்களத்தில் ‘சரி’. அதற்குப் பிறகு எந்த மலையில் கவ்வாத்து நடக்கிறது என்று தோட்டத்து ஆட்களிடம் கேட்டுத்தான் பாதை முடிவு செய்தோம். எந்த டயரும் அந்தக் குச்சிக்கு விடை இல்லை.

இனித்தான் சொல்லவந்தது.

வெளிநாட்டுத் தம்பதியர், இருவர் சேர்ந்து ஓட்டும் இரட்டைச் சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். வீட்டிலிருந்து ஏதோ அவசரச் செய்தி வந்து, யாருக்காவது பயன்படட்டும் என்று அதை எங்களிடமே விட்டுவிட்டு விமானம் ஏறிப் போனார்கள். அது பட்டறைச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் ராகலையிலிருந்து பஸ்ஸில் வந்த ஆசிரியத் தம்பதியர் அதைப் பார்க்கவேண்டும் என்றார்கள். கணவர் சந்திரமோகன் சேர், வரலாறு படிப்பிக்கிறவர். மனைவி ஸ்டெல்லா டீச்சர், கணக்கு. சேருக்குப் பார்வை இல்லை. கண்ணில் அழுத்தம் கூடி, வளர்ந்த பிறகு போய்விட்டது. பாடங்களை மனதில் வைத்துக்கொண்டு இன்னமும் வகுப்புக்குப் போகிறார். டீச்சர் மட்டக்களப்பில் பயிற்சி பெற்ற காலத்தில் சைக்கிள் ஓட்டியே பழகியவர். பாடசாலைப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிவந்தபோது வெளியில் இருந்து இந்தச் சைக்கிளைக் கண்டிருக்கிறார்.

சேர் அதைத் தடவிப் பார்த்தார். முன் இருக்கை, பின் இருக்கை, இரண்டு ஜோடிப் பெடல்கள், பின்னவர் பிடித்துக்கொள்ளும் அசையாத ஹேண்டில். கடைசியாக டயரைத் தொட்டார்.

“இது ரொம்பத் தடிப்பா இருக்கே.”

“குத்தாத டயர் சேர். வந்தவங்க வேற எங்கெங்கயோ ஓட்டியிருக்காங்க. ஒரு தடவையும் பஞ்சர் ஆகலன்னு சொன்னாங்க” என்றேன்.

“அப்ப இதுதான் வேணும்.”

மிஸ் சைக்கிளைச் சும்மாவே கொடுத்துப் பழகச் சொன்னார். விடுமுறை நாட்களில் வந்து, ஏரியைச் சுற்றிய சம பாதையில் ஓட்டினார்கள். பாடசாலையின் நீண்ட விடுமுறைக்கு நல்லதண்ணி வரை சைக்கிளில் போய், அங்கிருந்து யாத்திரிகர்கள் ஏறும் மலையில் ஏறவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அது சம பாதை இல்லை. ஏற்றமும் இறக்கமும் வளைவும்தான்.

ஒருநாள் டீச்சர் கை கழுவப் போன நேரத்தில் சேர் என் பக்கம் திரும்பினார்.

“ராயப்பண்ணே, வழியில நிக்காம போகணும். அதுதான் எனக்கு முக்கியம்.”

“பஞ்சர் ஆனா நான் பின்னால வேன்ல வருவேனே சேர். ஒட்டிக் குடுத்துடலாம்.”

“ஒட்டுறதுக்கு இல்ல. வண்டி ஓடுற வரைக்கும் நானும் ஒரு ஆள். நின்னா நான் சாமான். ரோட்டுல போறவங்க எல்லாம் நின்னு அவகிட்ட கேப்பாங்க. இவருக்கு எப்ப இருந்து தெரியல, இவர் சாப்பிடுவாரா, இவருக்காகக் கோயிலுக்கு நேர்ந்திருக்கீங்களான்னு. நான் பக்கத்திலேயே நிப்பேன். எங்கிட்ட யாரும் கேக்கமாட்டாங்க.”

அவர் குறைப்பட்டுச் சொல்லவில்லை. இன்றைக்கு மழை வரும் என்பது போலச் சொன்னார்.

அடுத்த வாரம் அவர்கள் விழுந்தார்கள். தூறல்தான். வளைவில் மஞ்சள் கோட்டுப் பாதசாரிக் கடவைமேல் முன் சக்கரம் ஏறியதும் வழுக்கிவிட்டது. வேகமும் இல்லை. டீச்சருக்கு முழங்காலில் தோல் போயிற்று. சேர் தோளில் விழுந்து, சிறிது நேரம் எழும்பாமல் கிடந்தார். எலும்பு முறியவில்லை. அன்று இருவரும் அப்படியே பஸ் ஏறினார்கள். மறுநாள் பாடசாலை விட்டதும் டீச்சர் தனியாக வந்தார்.

“மிஸ், இந்த டயரைக் கழட்டிடுங்க.”

“சேருக்கு இதுதான் விருப்பம் இல்லையா?” என்றார் நிரோஷா மிஸ்.

“அவருக்கு நிக்கக் கூடாது. எனக்கு விழக் கூடாது. பஞ்சர் ஆனா நான் ஒட்டிக்குவேன். விழுந்தா நான் என்ன செய்யட்டும்? கண்ணு தெரியிறவங்களுக்கு விழப்போறோம்னு ஒரு நொடி முன்னாடியாவது தெரியும். கைய ஊனுவாங்க. அவருக்கு எந்தப் பக்கம் விழுறோம்னே தெரியாது. தரை வந்து அடிக்கிறப்பதான் தெரியும்.” அவர் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். “நேத்து வீட்டுக்குப் போனதுல இருந்து, உனக்கு ஒண்ணும் இல்லையேன்னுதான் கேட்டுக்கிட்டு இருக்காரு.”

அவர் போன பிறகு மிஸ் சைக்கிளின் முன் டயரில் நகத்தை அழுத்தினார். பதியவில்லை. “இது ரொம்ப நாள் ஓடும்” என்றார். “அதுதான் பிரச்சினை.”

வேறு டயர் வாங்கலாம் என்றால், இறக்குமதி கட்டுப்பாடாக இருந்த காலம் அது. கடைகளில் இருந்தது அந்த ரிம்மின் அளவுக்கு வராது. பயணிகள் விட்டுப்போன டயர்களில் அளவு சேர்ந்தவை, பூட்டியிருந்ததைத் தவிர இரண்டுதான். ஒன்று மிக மெல்லியது. நகம் நன்றாகப் பதியும், ஆனால் கம்பியும் அதே போலப் பதியும். மற்றது சற்று அகலமானது, இளக்க ரப்பர், கீழே ஒரு மெல்லிய துணிப் பட்டி மட்டும் இருந்தது.

மெல்லியதை முன்னுக்குப் போடலாம், பிடிப்பு முக்கியம் என்றேன். மிஸ் ஒத்துக்கொள்ளவில்லை. முன் டயரில் இறக்கத்தில் சட்டென்று காற்றுப் போனால் ஹேண்டில் கைக்கு அடங்காது. வழுக்கி விழுவதும் அதுவும் ஒன்றுதான் என்றார். அவர் சொன்னது சரி. முன்னால் போகிற சக்கரம் பிடிக்கவும் வேண்டும், திடீரென்று செத்துப்போகவும் கூடாது. பின் சக்கரத்துக்குப் பாரம் அதிகம். முன் சக்கரம் கிளப்பி விடுகிற கம்பியெல்லாம் பின்னால்தான் குத்தும். ஆனால் பின் சக்கரம் கொஞ்சம் வழுக்கினாலும் ஓட்டுகிறவர் சமாளித்துவிடலாம். அப்படியானால் பழைய கெட்டி டயர் பின்னுக்கு. முன்னுக்கு அந்த அகலமானது. பேச்சில் இப்படி முடிந்தது.

பேச்சை நம்புகிறவர் அல்ல மிஸ். பட்டறைக்குப் பின்னால் மரக்கறி ஏற்றுகிற களஞ்சியம் ஒன்றின் சீமெந்துச் சரிவு இருந்தது. அதில் வாளியால் தண்ணீர் ஊற்றச் சொன்னார். களஞ்சியக்காரரிடம் உருளைக்கிழங்கு மூட்டைகள் இரண்டைக் கேட்டு வாங்கி, சைக்கிளின் இரண்டு இருக்கையிலும் ஒவ்வொன்றாகக் கட்டினோம். நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, முன் பிரேக்கை அழுத்தியபடி சரிவில் இறக்கினோம். கெட்டி டயர் பூட்டியபோது சக்கரம் சுழலாமலே சறுக்கிக்கொண்டு போனது. ஒருமுறை மூட்டை அவிழ்ந்து கிழங்கு சாக்கடை வரை உருண்டது. களஞ்சியக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அகலமான டயரைப் பூட்டி இறக்கினால், நின்றது. காற்றைக் கொஞ்சம் குறைத்துப் பார்த்தோம். இன்னும் நன்றாக நின்றது. இன்னும் குறைத்தால் ரிம் தரையில் இடிக்கும். கூட்டியும் குறைத்தும் பார்த்து, இரண்டு பேர் பாரத்துக்கு எவ்வளவு காற்று என்று தீர்மானித்தபோது எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. மிஸ் கிழங்கைப் பொறுக்கிக் கழுவிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

சனிக்கிழமை இருவரும் வந்தார்கள். மிஸ் சேரின் கையைப் பிடித்து முதலில் முன் டயரிலும் பிறகு பின் டயரிலும் வைத்தார்.

“வித்தியாசம் தெரியுது” என்றார் சேர். “அப்ப முன்னால பஞ்சர் ஆகும்.”

“ஆகும் சேர். சில நேரம் ஆகும்.”

“நிக்கணும்.”

“நிக்கணும். ஆனா நீங்க நிப்பாட்டுறீங்க. விழுந்து நிக்கிறது வேற.”

சேர் முன் டயரை மறுபடி ஒரு சுற்றுத் தடவினார். பிறகு, “சரி, போடுங்க” என்றார். அவருக்குச் சம்மதம் என்று அதைச் சொல்ல முடியாது. டீச்சர் கேட்டதற்காக விட்டுக்கொடுத்தார். அது டீச்சருக்கும் தெரியும்.

விடுமுறையில் புறப்பட்டார்கள். நான் பின்னால் வேனில் போனேன். கூப்பிட்டால் ஒழிய கிட்ட வரவேண்டாம் என்று சேர் சொல்லியிருந்ததால் கொஞ்சம் இடைவெளி விட்டே ஓட்டினேன். நானுஓயாவிலிருந்து இறங்கும்போது மழை. டீச்சர் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் “இடம்”, “வலம்” என்று சொல்ல, பின்னால் இருப்பவர் உடம்பைச் சாய்த்தார். வேன் கண்ணாடி வழியாக, வளைவுகளில் தெரிந்த அந்த முன் சக்கரத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு இடத்திலும் நழுவவில்லை. தலவாக்கலை தாண்டி, கொட்டகலைப் பக்கம் ஏற்றத்தில் முன் டயர் மெல்ல இறங்கியது. தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்துக்கு ஏறும் படிக்கட்டுக்கு அருகே நிறுத்தினார்கள்.

கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்துகொண்டிருந்த பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். நானும் வேனை ஓரங்கட்டிவிட்டு நடந்தேன். டீச்சர் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். சேர் சைக்கிளைப் பிடித்தபடி நேராக நின்றார். சாக்குப் படங்கை இடுப்பில் கட்டிய ஒரு அம்மா குனிந்து டீச்சரிடம் கேட்டார்.

“ஐயாவுக்குக் கண்ணு தெரியாதாம்மா? பொறப்புலேயேவா?”

டீச்சர் நிமிரவில்லை. டயரின் விளிம்பைக் கழற்றுவதில் கவனமாக இருப்பதுபோல இருந்தார்.

“எங்கிட்டயே கேளுங்கம்மா” என்றார் சேர். “காது நல்லாத்தான் கேக்குது.”

கூட்டத்தில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அந்த அம்மா அசரவில்லை. சேரின் முன்னால் வந்து நின்றார்.

“சரிங்க ஐயா. பொறப்புலேயேவா?”

சேர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“இல்லம்மா. முப்பது வயசுக்கு மேலதான்.”

“மொதல்ல என்ன செஞ்சிச்சு?”

“ஏன் கேக்குறீங்க?”

“எங்க வீட்டுக்காரருக்கும் இப்பக் கண்ணு சரியில்ல. நேரா நின்னாத் தெரியுதுங்கிறாரு. ஆனா நடக்கிறப்ப கதவுல இடிக்கிறாரு, ஆளு மேல இடிக்கிறாரு.”

சேரின் முகம் மாறிப்போனது. “பக்கத்துல வர்றவங்களத் தெரியலையா?”

“தெரியல. குடிச்சிட்டு வர்றாருன்னுதான் நான் சண்டை போடுவேன். குடிக்கலங்கிறாரு.”

“அவர் சொல்றது உண்மையா இருக்கும்மா. எனக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது. ஓரத்துல இருந்து போகும். வலிக்காது. அதனால நான் போகல. இன்னைக்கு நாளைக்குன்னு தள்ளிப்போட்டேன். நீங்க நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. கண்ணுல அழுத்தம் பாக்கணும்னு சொல்லுங்க. அழுத்தம். அந்த வார்த்தைய மறந்துடாதீங்க. போனது திரும்ப வராது, இருக்கிறத நிப்பாட்டலாம்.”

“அழுத்தம்” என்றார் அந்த அம்மா. இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்தார். அரைநாள் சம்பளம் போகுமே என்று யாரோ சொன்னதற்கு, “போனாப் போவுது” என்றார்.

நான் போய்க் குந்தி, பஞ்சை ஓட்டிக் கம்பியை எடுத்தேன். மயிரிழைதான். டீச்சர் புது டியூப்பைப் போட்டார். அவர் கண்கள் டயரில் இல்லை. பேசிக்கொண்டிருந்த கணவர் பக்கம் இருந்தன. அந்த அம்மாவின் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போனாரா இல்லையா என்பது எங்களுக்குத் தெரியவரவில்லை. பெயரைக்கூட யாரும் கேட்டு வைக்கவில்லை.

நல்லதண்ணிக்கு அடுத்த நாள் போய்ச் சேர்ந்தார்கள். இடையில் வேறு பஞ்சர் இல்லை. மஸ்கெலியாவுக்கு இறங்கும்போது நல்ல மழை; வழுக்கவில்லை. இருவரும் மலை ஏறி இறங்கும்வரை நான் கடைத்தெருவில் வேனோடு இருந்தேன். இறங்கி வந்த சேருக்குக் கால் வீங்கியிருந்தது. டீச்சரின் உள்ளங்கை இரண்டும் ஹேண்டிலைப் பிடித்த பிடியில் கன்றிப்போயிருந்தது. திரும்பும்போது வேனில் ஏறிக்கொண்டார்கள். மிஸ்ஸிடம் டயரைப் பற்றிச் சொன்னேன். “ஹரி” என்றார். அவ்வளவுதான்.

சைக்கிளை மிஸ் அவர்களுக்கே கொடுத்துவிட்டார். ராகலையில் பாடசாலைக்கு அதில்தான் போய்வந்தார்கள். முன் டயர் எதிர்பார்த்தபடியே சீக்கிரம் தேய்ந்தது. டயர்கள் மறுபடி இறக்குமதியாகத் தொடங்கி, எங்களுக்கும் பல வகை வந்திருந்த சமயம், ஒரு காலையில் சேர் வெள்ளைப் பிரம்போடு பட்டறைக்குள் வந்தார். தனியாக. தேய்ந்த டயரைத் தோளில் மாட்டியிருந்தார். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் இது என்ன, எதற்கு என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்ததாகச் சொன்னார்.

“டீச்சர் வரலையா சேர்?”

“அவளுக்குச் சொல்லல.”

கெட்டி டயர் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். இப்போது எங்களிடம் நல்லதாகவே இருந்தது. மிஸ்ஸும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அலுமாரியைத் திறந்து அதைத்தான் முதலில் எடுத்தார்.

“இதவிட இளக்கமானது இருக்கா மிஸ்?” என்றார் சேர், தோளில் இருந்த தேய்ந்த டயரைத் தட்டி.

மிஸ் திரும்பிப் பார்த்தார்.

“இந்த வண்டியில ரெண்டு பேர் பெடலும் ஒண்ணாத்தானே சுத்துது? அவ கால் நின்னா என் காலும் நிக்கும். இறக்கத்துல வளைவு வர்றதுக்கு முன்னாடி அவ கால் வெறைச்சுப் போகுது. ஒவ்வொரு வளைவுக்கும். வாயத் தொறந்து சொல்லமாட்டா. பயமா இருக்கான்னு கேட்டா இல்லம்பா. எனக்குத்தான் பெடல்ல தெரியுதே.”

பிறகு மிஸ் கையில் இருந்ததை வைத்துவிட்டு, அடித்தட்டில் இருந்த வேறொன்றை எடுத்து நகத்தை அழுத்திப் பார்த்து, அதைச் சேரின் கையில் கொடுத்தார். அவரும் தன் நகத்தை அழுத்திப் பார்த்தார்.

“இது போட்டா பஞ்சர் இன்னும் கூடும் சேர்” என்றேன்.

“கூடட்டும் ராயப்பண்ணே” என்றார். “நிப்போம்.”